புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலை: மருத்துவம் படிக்காதவர் போகலாமா?

போகலாம். இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருப்பேன். கேள்விக்குக் கீழே "அட்மின் வேலைதானே, டாக்டர்களும் நர்ஸ்களும் அவரவர் வேலையைப் பார்த்தால் நாம் ஷெட்யூல் மட்டும் பார்த்தால் போதும் இல்லையா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதுதான் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுத உட்கார வைத்துவிட்டது. ஷெட்யூல் மட்டும்! அந்த 'மட்டும்' என்பதோடு எனக்குப் பல வருடத் தகராறு.

நீங்கள் யாரென்று தெரியாது. எம்.பி.ஏ. முடித்த பிள்ளை, ஆஃபர் லெட்டர் கையில் வந்திருக்கிறது, வீட்டில் "ஆஸ்பத்திரியா, அதுவும் கேன்சர் ஆஸ்பத்திரியா" என்று முகம் சுளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் டிப்ளமோ நர்ஸ். தென் மாவட்டத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் பதினோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸாக, அதாவது சர்ஜனுக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுப்பவளாக, நின்றேன். முதுகு போன பிறகு தியேட்டரில் யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று ஒருங்கிணைக்கிற ஓ.டி. கோஆர்டினேட்டர் ஆக்கினார்கள், அப்புறம் 'ஆபரேஷன்ஸ் மேனேஜர்' என்று அறை வாசலில் போர்டு மாட்டினார்கள். என் அம்மா ஊரில் "எம்மக இப்ப ஆபரேஷனே பண்ணுறா" என்று நாலு வீட்டில் சொல்லிவிட்டாள். இன்றுவரை அதைத் திருத்த முடியவில்லை.

முதலில் ஒன்று. மற்ற ஆஸ்பத்திரி தியேட்டரும் இதுவும் ஒன்றில்லை. குடலிறக்கம் ஒரு வாரம் தள்ளிப்போனால் நோயாளி திட்டுவார், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். கீமோ முடித்தவருக்கு ரத்த அணுக்கள் தேற மூன்று நான்கு வாரம் வேண்டும், அதற்கு முன்னால் கத்தி வைக்க முடியாது, ரொம்பத் தாமதித்தால் சுருங்கிய கட்டி மறுபடி தலைதூக்கும். ஆசனக்குடலுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்து முடித்தவருக்குக் கணக்கே வேறு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே "ஷெட்யூல்" என்று நீங்கள் சொல்கிற காகிதத்தில் ஒரு பெயரை வியாழனிலிருந்து அடுத்த செவ்வாய்க்கு மாற்றுவது பஸ் டிக்கெட் தேதி மாற்றுகிற மாதிரி இல்லை.

என் கதைக்கு வருகிறேன். கோஆர்டினேட்டராகி ஒரு வருடம் இருக்கும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், தறி வேலை, ஐம்பது வயதுக்குள். வாய்க்குள் கன்னத்தில் ஆரம்பித்துக் கீழ்த்தாடை வரை போன கட்டி. தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, காலில் இருந்து எலும்பும் தோலும் ரத்தக்குழாயோடு எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். இரண்டு டீம் வேண்டும், ஃப்ரோஸன் பார்க்க, அதாவது வெட்டிய சதையை அப்போதே உறையவைத்துப் புற்று மிச்சமிருக்கிறதா என்று சொல்ல, பெத்தாலஜி டாக்டர் தயாராக இருக்க வேண்டும், ரத்தம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் முடிந்ததும் படுக்க வைக்க ஐ.சி.யூ. கட்டில் வேண்டும். வைத்த சதை உயிரோடு இருக்கிறதா என்று முதல் நாள் மணிக்கொரு தரம் நிறம் பார்த்தாக வேண்டும். வார்டில் போட்டுவிட்டு வர முடியாது.

முதல் தடவை லிஸ்டில் இரண்டாவது கேஸாகப் போட்டோம். முதல் கேஸில் ரத்தக்கசிவு, அது முடியவே மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர், "இந்நேரத்துக்கு மேல் பத்து மணி நேரக் கேஸை ஆரம்பிக்க மாட்டேன்" என்றார், நியாயம்தான். இரண்டாவது தடவை காலையில் சர்க்கரை எகிறிவிட்டது. மூன்றாவது தடவை ஐ.சி.யூ.வில் கட்டில் காலியாகவில்லை. முந்தின நாள் ஃபோனில் கேட்டேன், "ஒண்ணு ஷிஃப்ட் ஆயிடும் சிஸ்டர்" என்றார்கள், நம்பிவிட்டேன். ராத்திரி அந்த நோயாளிக்கு மூச்சு திணறி, காலையில் அதே கட்டிலில் இருந்தார். யாரைக் குறை சொல்ல?

தப்பு என்னுடையது, ஃபோனில் கேட்டது.

பதினொன்றரை மணிக்கு, தியேட்டருக்குள் போகுமுன் நோயாளிகள் காத்திருக்கிற ஹோல்டிங் ஏரியாவுக்குப் போய் நான்தான் சொன்னேன். ஏழு மணியிலிருந்து பச்சை கவுனோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாயே ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும், சாப்பாடு என்பதே ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற கஞ்சிதான், அதுவும் ராத்திரியிலிருந்து இல்லை. கவுனைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டும்போது பார்த்தேன். கெண்டைக்காலில் பிளாஸ்டிக் சர்ஜன் மார்க்கர் பேனாவில் ஊதாக் கோடு போட்டிருந்தார், எலும்பு எடுக்க வேண்டிய இடத்துக்கு. அந்தக் கோட்டுக்கு அடியில் போன தடவை போட்ட கோடு இன்னும் முழுசாக அழியாமல் மங்கலாகத் தெரிந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவர் வீட்டம்மாதான், "தாயி, நாலு பேரு சேந்து ஒரு மனுசனப் பட்டினி போட்டே கொன்னுறாதீக" என்றார். கத்தவில்லை. கையில் அவருடைய செருப்பை வைத்துக்கொண்டு, சும்மா சொல்வது போலச் சொன்னார்.

அடுத்த வாரம் நடந்தது. வெட்டும்போது கன்னத்தின் வெளித்தோலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது, முதலில் போட்ட திட்டத்தில் அது இல்லை, நெஞ்சிலிருந்து இன்னொரு சதை கொண்டுவந்து மூடினார்கள். தள்ளிப்போனதால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. கமெண்டில் வரப்போகிற டாக்டர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒரு கேஸை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், நர்ஸ் என்பதால் புள்ளிவிவரம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பிறகு 2020இல் பி.எம்.ஜே. என்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஏழு வகைப் புற்றுநோயை எடுத்துக்கொண்ட ஒரு ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சை 4 வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்று. அதைப் பிரிண்ட் எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஆனால் அந்தத் தறிக்காரருக்கு நாங்கள் தேதி மாற்றியபோது இப்படி ஒரு காகிதம் எங்கள் யாரிடமும் இல்லை, ஆளாளுக்கு ஒரு காரணம் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ரத்தான ஒவ்வொரு கேஸுக்கும் காரணம் எழுத ஆரம்பித்தேன். ஐ.சி.யூ. கட்டில் இல்லை, சர்க்கரை, ஃபிட்னஸ் முடியவில்லை, ரத்தம் கிடைக்கவில்லை, காப்பீட்டு அப்ரூவல் வரவில்லை, முந்தின கேஸ் நீண்டுவிட்டது, டாக்டர் கான்ஃபரன்ஸ். கடைசிக் கட்டத்தை எடுக்கச் சொன்னார்கள். 'இதர' என்று மாற்றினேன். 'இதர' என்றால் என்ன என்று மொத்தத் தியேட்டருக்கும் தெரியும்.

மூன்று மாதம் எழுதிப் பார்த்தால், வேடிக்கை. சர்ஜன்கள் எப்போதும் மயக்க டாக்டர்கள் கேஸை ஏற்பதில்லை என்பார்கள், அவர்கள் சர்ஜன்கள் லேட்டாக வருகிறார்கள் என்பார்கள். நோட்டில் இரண்டுமே மேலே இல்லை. மேலே இருந்தது கட்டிலும் ஃபிட்னஸும். அதாவது ஹார்ட் எக்கோ, சர்க்கரை எல்லாம் பார்த்து மயக்க டாக்டர் கையெழுத்துப் போடுவது ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. எல்லாத் துறை டாக்டர்களும் சேர்ந்து சிகிச்சையை முடிவு செய்கிற ட்யூமர் போர்டில் ஆபரேஷன் என்று முடிவான அன்றைக்கே அந்த நோயாளியை அப்படியே ஃபிட்னஸுக்கு அனுப்பினால் சர்க்கரையைக் குறைக்க இரண்டு வாரமாவது கிடைக்குமே? அதைச் செய்தோம். தாடைக் கேஸ் ஒரே நாளில் இரண்டு போடக்கூடாது என்றோம். கட்டிலும் போதாது, தாடைக்குப் பிளேட் வைக்கிற செட்டும் எங்களிடம் ஒன்றுதான், முதல் கேஸ் முடிந்து கழுவி, கிருமி நீக்குகிற ஆட்டோக்ளேவில் போய் வருவதற்குள் சாயந்திரம் ஆகிவிடும்.

கடைசியாக ஒரு விதி: ஒரு தடவை திரும்பிப் போனவர் அடுத்த தடவை லிஸ்டில் முதல் கேஸ். யாருடைய பேஷன்ட்டாக இருந்தாலும் சரி. இதற்குத்தான் அடிதடி. ஏனென்றால் முதல் கேஸ் சீனியர் சர்ஜனுடைய உரிமை என்பது எழுதப்படாத சாசனம். ஒருவர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. இன்றைக்கு அவரே ஜூனியர்களிடம் அந்த விதியைத் தன் யோசனை என்று சொல்கிறார், சொல்லட்டும்.

இப்போது உங்களுக்குச் சாதகமான விஷயம். நோட்டை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கட்டில் வேண்டும் என்று நான் ஒரு வருடம் கெஞ்சினேன், நடக்கவில்லை. அப்புறம் உங்களை மாதிரி ஒரு எம்.பி.ஏ. பையன் வந்தான். என் நோட்டை வாங்கிக்கொண்டு போய், ஒரு தியேட்டர் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் எவ்வளவு ரூபாய் போகிறது என்று கலர் கலராகப் படம் போட்டான். மேனேஜ்மென்ட் பதினைந்து நாளில் கட்டிலுக்கு ஒப்புதல் கொடுத்தது. நோயாளி பட்டினியாகப் போகிறார் என்றபோது திறக்காத பெட்டி ரூபாய் என்றதும் திறந்தது. எனக்கு வயிறு எரிந்தது உண்மை, அந்தப் படத்தில் எங்கேயும் என் பெயர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கை எனக்குப் போடத் தெரிந்திருக்காது. அதனால்தான் போகலாம் என்கிறேன். பையன் நல்லவன், முதல் வாரமே தியேட்டர் செருப்பு மாட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றான், ஒன்று ஏழு நம்பர் ஒன்று ஒன்பது நம்பர். ஜோடி அங்கே எப்போதும் கிடைக்காது.

அவன் சார், நான் சிஸ்டர். அதுதான் இன்னும் புரியவில்லை. ஒரே பதவி, ஒரே கிரேடு, அவனைவிட எனக்கு வயது இரட்டிப்பு. மீட்டிங்கில் "சார் சொல்லுங்க" என்று அவனிடம் கேட்பார்கள், "சிஸ்டர், காபி வந்துச்சா பாருங்க" என்று என்னிடம் கேட்பார்கள். சிஸ்டர் என்பது கேவலம் என்று சொல்லவில்லை, யாராவது அப்படிக் கிளப்பிவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் கதை இன்னும் மோசம். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்த பிறகுதான் யாருக்காவது மச்சினனுடைய ஸ்கேன் ரிப்போர்ட் ஞாபகம் வரும். "ஒரு ஃபோன் போட்டுச் சொல்லேன், முன்னாடி எடுத்துக்கட்டும்." ஒருவரை முன்னால் எடுத்தால் அங்கே ஒருவர் காலில் போட்ட கோட்டோடு திரும்பிப் போவார் என்று பாயசத்துக்கு நடுவில் எப்படி விளக்குவது? போன வருடம் என் சித்தப்பா மகளுக்கு நான் அப்படிச் செய்யவில்லை என்று அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு எங்களை அழைக்கவில்லை. அதுவும் இந்த வேலையில்தான் சேர்த்தி.

இன்னொன்று. 'ஸ்ட்ராட்டஜிக் ப்ரோக்ராம்' என்று உங்கள் வேலை விவரத்தில் பெரிய சொல்லாக எழுதியிருப்பார்கள், பயப்பட வேண்டாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் 12 கட்டிலோடு தொடங்கியபோது அப்படி ஒரு சொல்லை யாரும் அங்கே உச்சரித்திருக்க மாட்டார்கள். 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த இடத்தை விடவில்லை. நான் அங்கே வேலை பார்த்தவள் இல்லை, ஆனால் இந்தத் துறையில் தமிழ்நாட்டில் நிற்கிற யாருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

காகிதத்தை நம்பாதீர்கள், அது மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொடுத்தது. மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், வெளியே கொண்டுபோவதற்கு முன் என்று மூன்று இடத்தில் நின்று சத்தமாகச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் முடிவு வந்தது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. எங்கள் தியேட்டரில் ஒரு காலத்தில் நோயாளி உள்ளே வருவதற்கு முன்னாலேயே மூன்று இடத்திலும் டிக் விழுந்திருக்கும். ஃபைல் பார்த்தால் நூற்றுக்கு நூறு. அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் உதவவில்லை, காலை ஏழரைக்கு நேரில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், நான் வாங்குவதைச் சொன்னால் நீங்கள் போகவே மாட்டீர்கள். ஞாயிறு லீவா என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்தால் சாயந்திரம் நாலு மணிக்கு ஐ.சி.யூ.வுக்கு நடந்து போய்க் கட்டிலை நீங்களே எண்ணுங்கள். எது காலி, நாளைக் காலையில் எது நிஜமாகவே காலியாகும் என்று டூட்டி டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஃபோனில் எப்போதும் "ஒண்ணு ஷிஃப்ட் ஆயிடும்" என்றுதான் சொல்வார்கள்.