பரணில் இருக்கும் சிடி, டிவிடிகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் சேர்த்து வைத்த படத் தகடுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் 150 டிவிடி, 200 விசிடி இருக்கின்றன. பெரும்பாலும் சினிமா. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசத் தகடுகளும் உண்டு. எதிலிருந்து ஆரம்பிப்பது? (திருச்சி)

கல்யாணத் தகட்டிலிருந்து ஆரம்பியுங்கள், இன்றைக்கே. சினிமாத் தகடு கெட்டால் அந்தப் படம் வேறு எங்காவது கிடைக்கும். உங்கள் பாட்டி மணமேடைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் காட்சி வேறு எங்கும் கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கடையில் வாங்கிய சினிமாத் தகடு ஆலையில் அச்சு வைத்து அழுத்தப்பட்டது. அதில் தகவல் பிளாஸ்டிக்கில் குழிகளாகவே பதிந்திருக்கும். ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த தகட்டில் இருப்பது ஒரு சாயப் படலம்தான். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் படத்தை எழுதுகிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும். கான்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கும் பரண் சித்திரை, வைகாசியில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் அக்காவின் கல்யாணம் மூன்று டிவிடிகளில் இருந்தது. நான் எடுத்துப் பார்த்தபோது முகூர்த்தம் இருந்த இரண்டாவது தகடு பாதியில் நின்றுவிட்டது. ஐந்து வருடம் முன்னால் எடுத்திருந்தால் தப்பியிருக்கும் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

இத்தனைக்கும் எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும்? (மதுரை)

மேலே கேட்டவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. சராசரி 6 என்று வைத்தால் 150 டிவிடிக்கு 900 ஜிபி. விசிடி ஒன்றுக்கு 700 எம்பி என்றால் 200க்கு 140 ஜிபி. ஆக, ஒரு டெராபைட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. 1 டிபி என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அதனால் 2 டிபி வாங்குங்கள். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைப்பது 350 தகடுகளையும் ஒரே கூடையில் போட்டு மாடிப்படி ஏறுவதற்குச் சமம். இரண்டாவதை முடிந்தால் வேறு வீட்டில், தம்பி வீட்டிலோ மாமா வீட்டிலோ, வையுங்கள். பூட்டி வைக்கும் பிரதிக்கு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் பதிந்தது மெல்லக் கசியும்.

டிவிடியைத் திறந்தால் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று ஏதேதோ ஃபைல்கள். அப்படியே இழுத்துப் போட்டேன். சில படங்கள் ஓடுகின்றன, சிலவற்றில் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. (கோவை)

விஓபிதான் படம். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி என்பதால் ஒரே படம் நாலைந்து துண்டாக இருக்கும். எந்தத் துண்டுக்கு அப்புறம் எது, எங்கே எந்த அத்தியாயம் என்ற குறிப்பு ஐஎஃப்ஓவில் இருக்கிறது. அதன் நகல்தான் பியுபி. சிதறும் படங்களில், காப்பி எடுப்பதைத் தடுக்க சிஎஸ்எஸ் என்ற பூட்டு போட்டிருப்பார்கள். இழுத்துப் போட்டால் பூட்டோடு வரும், சாவி வராது.

சேமிக்க மூன்று வழிகள் உண்டு. முழுத் தகட்டையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே ஃபைலாக எடுப்பது முதல் வழி. மெனு, பாடல் பட்டியல் எல்லாம் அப்படியே இருக்கும். கல்யாணத் தகடுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டாவது, மேக்எம்கேவி என்ற மென்பொருள் மூலம் எம்கேவி ஃபைலாக மாற்றுவது. மெனு போய்விடும். படம், ஒலி, அத்தியாயங்கள், சப்டைட்டில் எல்லாம் துளியும் தரம் குறையாமல் வரும். சினிமாத் தகடுகளுக்கு இது போதும். மூன்றாவது, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைப் போட்டு எம்பி4 ஆகச் சுருக்குவது. 6 ஜிபி படம் ஒன்றரை ஜிபிக்கு வந்துவிடும், ஆனால் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்ப வராது. இடம் மிச்சமாகிறதே என்று எடுத்த எடுப்பில் இதில் இறங்காதீர்கள். முதலில் அசலை அப்படியே எடுத்து வையுங்கள். போனில் பார்க்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு சின்னப் பிரதி செய்துகொள்ளலாம். சுருக்கும்போது, தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் எண்ணை 18க்கும் 22க்கும் நடுவில் வைத்தால் டிவிடித் தரத்துக்கு நன்றாக இருக்கும். ஓரங்களை வெட்டும் வசதி தானாக ஓடும். கீழே கறுப்புப் பட்டையில் சப்டைட்டில் இருக்கும் படமென்றால் அதை நிறுத்திவிடுங்கள்.

விசிடியில் இருக்கும் டேட் (.dat) ஃபைலை காப்பி செய்தால் பாதியில் எரர் வருகிறது. ஆனால் பிளேயரில் அதே தகடு ஓடுகிறது! (நாகர்கோவில்)

தகட்டில் தகவல் செக்டார் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிந்திருக்கும். சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட் தகவல். மீதி இடம் பிழை திருத்துவதற்கு. விசிடியில் அதிகம் அடைக்க வேண்டுமென்று அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் ஆக்கினார்கள். அதனால் சின்னக் கீறலையும் கணினியால் சரிசெய்ய முடிவதில்லை, நின்றுவிடுகிறது. பிளேயர் அந்த இடத்தில் ஒரு நொடி கலங்கலாகக் காட்டிவிட்டு மேலே போய்விடும். எனவே விசிடிக்கு வெறும் காப்பி, பேஸ்ட் சரிவராது. ஐசோபஸ்டர் மாதிரி விசிடியின் அமைப்பு தெரிந்த மென்பொருளால் எடுங்கள். கெட்ட செக்டாரைத் தாண்டிப் போகச் சொல்லலாம்.

ஒரு படம் இரண்டு, மூன்று தகடுகளில் இருக்கும் இல்லையா? எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வரிசையாகச் சேர்த்தால் மறுபடி சுருக்காமலே ஒரே ஃபைலாகிவிடும். தரத்தைக் கூட்டுகிறேன் என்று மட்டும் எதுவும் செய்ய வேண்டாம். விசிடியில் இருப்பதே 352க்கு 288 புள்ளிகள்தான்.

தகட்டில் கீறல், பூஞ்சை. பற்பசை தேய்க்கலாமா? ஸ்டுடியோவில் ஒட்டிய மாப்பிள்ளை, பெண் படம் போட்ட ஸ்டிக்கர் வேறு உரிகிறது. (ஈரோடு)

பற்பசை கடைசிக் கட்டம், முதலில் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடும். அப்படிப்பட்ட கீறலைத் தாண்டிப் படிப்பது கடினம்.

ஸ்டிக்கரை உரிக்கவே உரிக்காதீர்கள். சிடியில், விசிடியில் பிரதிபலிக்கும் படலம் மேல்பக்கப் பாதுகாப்புப் பூச்சுக்கு உடனே கீழே இருக்கிறது. ஸ்டிக்கரோடு அதுவும் பிய்ந்து வந்தால் கதை முடிந்தது. டிவிடியில் அந்தப் படலம் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இரண்டுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். ஸ்டிக்கர் பாதி தூக்கிக்கொண்டிருந்தால் மெதுவாக அழுத்தி ஒட்டிவிட்டு, குறைந்த வேகத்தில் ஓட்டி உடனே காப்பி எடுங்கள்.

ஒரு டிரைவில் படிக்காத தகடு இன்னொன்றில் படிக்கும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு பழைய டெஸ்க்டாப்பில் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாத டிவிடிக்கு லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதி வைக்கும். அதனால் அதே வேலையை வேறு டிரைவில் தொடரலாம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

கையில் பிடிக்கும் கேமராவில் எடுத்த குட்டி டிவிடி. கணினியில் போட்டால் காலி என்கிறது. குழந்தையின் முதல் பிறந்தநாள் அதில் இருக்கிறது. (சேலம்)

பதறாதீர்கள், பெரும்பாலும் படம் உள்ளேதான் இருக்கும். அந்த 8 சென்டிமீட்டர் தகட்டை எடுத்து முடித்ததும் கேமராவில் "ஃபைனலைஸ்" செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் எழுதிய கேமராவுக்கு மட்டும்தான் தெரியும். அதே கேமரா இன்னும் ஓடுகிறதென்றால் தகட்டைப் போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். கேமரா போய்விட்டதென்றால் ஐசோபஸ்டரில் திறந்து பாருங்கள். கணினி "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று, வாயில் விழுங்குகிற மாதிரி தட்டு இல்லாத டிரைவில் இந்தக் குட்டித் தகட்டைச் செருகாதீர்கள். உள்ளே மாட்டிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் வாங்கிய சில டிவிடிகளை இங்கே கணினி ஏற்க மறுக்கிறது. (சிங்கப்பூர்)

எந்த வட்டாரத்தில் ஓட வேண்டும் என்று தகட்டில் போட்டிருக்கும் வட்டாரக் குறியீடுதான் காரணம். இந்தியாவுக்கு 5, சிங்கப்பூருக்கு 3. டிரைவின் வட்டாரத்தை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும்; கடைசியாக வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும். தகடு தகடாக மாற்றி மாற்றி அந்த ஐந்தையும் தீர்த்துவிட வேண்டாம். யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்று தனியாக வாங்கி 5இலேயே நிறுத்தி வைத்துவிடுங்கள்.

கல்யாண வீடியோவில் யாராவது நடந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. காப்பி கெட்டுவிட்டதா? (தூத்துக்குடி)

இல்லை. அந்தக் கால கேமரா நொடிக்கு 50 அரைப்படங்கள் எடுத்தது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். பழைய டிவி அதை மாறிமாறிக் காட்டியதால் தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் நடுவில் நகர்ந்தது சீப்பாகத் தெரிகிறது. விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டுப் பாருங்கள், மறைந்துவிடும்.

படம் 150 நிமிடம் என்று படித்தேன். டிவிடியிலிருந்து எடுத்தது 144 நிமிடம்தான் ஓடுகிறது. எதை விட்டுவிட்டேன்? (புதுச்சேரி)

குறைவு சரியாக 4 சதவீதம் என்றால் எதையும் விடவில்லை. திரையரங்கில் நொடிக்கு 24 படச் சட்டங்கள் (ஃபிரேம்). பால் (PAL) என்ற டிவி முறையில் அமைந்த டிவிடியில் 25. படம் கொஞ்சம் வேகமாக ஓடி ஆறு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் குறைந்தால்தான் யோசிக்க வேண்டும். தகட்டில் இடம் போதாமல் பாட்டை வெட்டியவர்களும் உண்டு.

காசு கொடுத்து வாங்கிய படத்தை எனக்காகக் காப்பி எடுப்பது சட்டப்படி சரியா? (சென்னை)

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே தடுக்கிறது. பிரிட்டனில் 2014இல் சொந்தப் பிரதிக்கு அனுமதி கொடுத்து, 2015இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்கே இருந்தாலும், நண்பருக்குக் கொடுப்பது, இணையத்தில் ஏற்றுவது இரண்டும் வேண்டாம். அந்தப் படத்தில் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது!

கல்யாண வீடியோவை யூடியூபில் போட நினைப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். பின்னணியில் முழுக்க சினிமாப் பாட்டுதானே! பாட்டின் உரிமையாளர் தரப்பிலிருந்து தடை வரலாம். யூடியூபை மட்டும் நம்பிச் சேமிக்காதீர்கள்.

பென் டிரைவில் ஏற்றினால் "ஃபைல் மிகப் பெரியது" என்கிறது. டிவியில் எப்படிப் பார்ப்பது? (வேலூர்)

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். படங்கள் நிறைய என்றால் கணினியில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம். வீட்டு வைஃபை வழியாக டிவியில் போஸ்டரோடு வரிசையாகத் தெரியும். ஃபைல் பெயரில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். பில்லா என்று மட்டும் எழுதினால் 1980ஆ, 2007ஆ என்று அதற்கு எப்படித் தெரியும்?

எல்லாம் ஏற்றிவிட்டேன். தகடுகளைத் தூக்கிப் போடலாமா? (தஞ்சாவூர்)

கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு ஃபைலையும் ஆரம்பத்தில், நடுவில், முடிவில் ஒரு நிமிடமாவது ஓட்டிப் பார்த்தீர்களா? இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கிலும் பார்த்தீர்களா? சினிமாத் தகடுகளின் உறைகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகள்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதற்கு அத்தாட்சி. உறையைக் கழற்றி, நூறு தகடு பிடிக்கும் பையில் போட்டால் ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். கல்யாணத் தகட்டைத் தனியாக, நிமிர்த்தி, பெட்டியில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வையுங்கள். பரணுக்கு மட்டும் திரும்ப ஏற்றாதீர்கள்.