பழைய சுவரும் புதுக் கண்ணாடியும்

கேள்வி: எங்களுடையது எண்பது வருடப் பழைய வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மர உத்திரம். பின்பக்கம் நிறையக் கண்ணாடி வைத்து, புதிதாக ஒரு சமையலறை கட்ட நினைக்கிறேன். பழைய வளைவு ஜன்னல்களை அப்படியே நகலெடுத்துக் கட்டினால்தான் பொருந்தும் என்கிறார் கணவர். உள்சுவர்கள் பொரிந்து உதிர்கின்றன. அவற்றுக்குச் சிமெண்ட் பூசிவிடலாமா?

பதில்: முதலில் சுவர். தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள். செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி, பிறகு மெல்ல வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். தேங்கிய ஈரம் உப்பைக் கரைத்து, செங்கல்லின் முகத்தையே செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பழைய வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சேதம் இதுதான். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. சுவர் பொரிகிறது என்றால் எங்கிருந்தோ ஈரம் வருகிறது. கூரைத் தண்ணீர் வடியும் குழாய், சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட வெளித்தரை, கசியும் குளியலறை, மூன்றையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். காய மாதக்கணக்கில் ஆகும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் சமையலறை. இதில் நான் உங்கள் கட்சி. நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே, தவிர்க்க முடியாமல் சேர்க்கும் பகுதி தனித்துத் தெரிய வேண்டும், அதில் நம் காலத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்த பெர்லினின் நொயெஸ் அருங்காட்சியகத்தைக் கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் சீரமைத்தார். 2009இல் அது மறுபடி திறக்கப்பட்டது. அழிந்துபோன பெரிய படிக்கட்டு இருந்த இடத்தில், அதே வடிவத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல் வெளிறிய கான்கிரீட்டில் புதுப் படிக்கட்டு. சுற்றிலும் காயம்பட்ட பழைய செங்கல் சுவர்கள். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கவில்லை.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பொருத்தம் வேண்டும்தான். அதை அளவுகளில் கொண்டுவரலாம். பழைய ஜன்னலின் மேல்மட்டம் எங்கே இருக்கிறதோ, புதுக் கண்ணாடியின் மேல்மட்டமும் அங்கேயே நிற்கட்டும். பழைய ஜன்னலின் அகலத்தையே கண்ணாடிப் பிரிவுகளுக்கும் வையுங்கள். வளைவை நகலெடுக்காமலே இரண்டும் சேர்ந்து நிற்கும்.

புதுச் சுவரைப் பழைய சுவரோடு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பழைய அஸ்திவாரம் இறங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கிவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும். இடையில் அசைவுக்கு இடைவெளி விடாவிட்டால் சரியாக அந்த இடத்தில்தான் விரிசல் விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான கண்ணாடி இணைப்பு வைத்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலிருந்து வெளிச்சம் இறங்கும், பழைய வீட்டின் வெளிச்சுவர் உங்கள் சமையலறையின் உள்சுவராகிவிடும். அந்தச் சுவரைப் பூசாமல் விடுங்கள்.

கேள்வி: முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிடலாமா? எங்களுடையதும் பழைய வீடுதான்.

பதில்: பழைய வீட்டில் தடிமனான சுவர் என்றால், அது மேலே எதையோ தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட உருவ வேண்டாம். அவர் சரி என்றாலும் முழுச் சுவரையும் எடுக்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் விட்டு, நடுவில் மட்டும் திறந்து, மேலே எஃகு உத்திரம் கொடுக்கலாம். ஓரச் சுவர்கள் உத்திரத்தைத் தாங்கும், இரண்டு அறைகள் இருந்ததும் தெரியும். உத்திரத்தைப் பலகை வைத்து மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே தெரியும்படி விடுவதானால் சாதாரண பெயிண்ட் போதாது. சூட்டில் உப்பி எஃகைக் காக்கும் தீத்தடுப்புப் பூச்சு தேவையா, எத்தனை தடிமனில் என்பதையும் அதே பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.