பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பதுதான் வழியா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் கடலுக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். அவருடைய மனைவி தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போய்த்தான் குடும்பத்தை நடத்துகிறார். 12 வயது மகன் படிப்பை நிறுத்திவிட்டு, வேறொருவரின் கருவாட்டுக் களத்தில் கூலிக்குப் போகிறான். 8 வயது மகள் பாட்டியோடு இருக்கிறாள். "ரெண்டு பேரையும் குழந்தைகள் இல்லத்தில் விட்டுடுங்க" என்று ஊரில் சொல்கிறார்கள். நான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ல் சொன்னால் தாயையும் பிள்ளைகளையும் பிரித்துவிடுவார்களா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே, ஆனால் சட்டத்தின் நோக்கம் பிரிப்பது அன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகச் செய்ய வேண்டியது என்றும் தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே கூறுகிறது. வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. இந்தத் தாயிடம் இல்லாதது பணமும் ஆள்துணையும்தான். பாசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே.

ஆகவே தயங்காமல் சொல்லுங்கள். 14 வயது நிரம்பாத பையன் பிறர் களத்தில் கூலி வேலை செய்வது சட்டப்படி குற்றம்; அதற்குப் பொறுப்பு வேலைக்கு வைத்தவருடையதே தவிரப் பையனுடையது அன்று. தாய் கணவரை இழந்தவர் என்பதால், ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

விவகாரம், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனால், குடும்பநிலையை நேரில் விசாரித்து 15 நாளில் அறிக்கை தரச் சொல்வார்கள். விசாரிக்க வருபவர், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு விடியுமுன் வள்ளம் ஏறும் பெண்ணிடம் "பிள்ளையை ஏன் கவனிக்கவில்லை" என்று தொடங்கினால், உண்மை எதுவும் வெளியே வராது. பல விசாரணைகளில் நான் கண்ட குறை வேறொன்று: பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பையன் வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருப்பான், அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிள்ளையின் கருத்தைக் கேட்பதும் சட்டம் சொல்லும் கொள்கைதான். அவன் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் பசியா, கடனா, வகுப்பில் பட்ட அவமானமா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

கேள்வி: அப்பா இல்லாத மாணவியைப் பள்ளியில் "அநாதைப் பிள்ளை" என்றே குறிப்பிடுகிறார்கள். இதைக் கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். குழந்தையைச் சிறுமைப்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் கொள்கைகளுள் ஒன்று. தலைமையாசிரியரைத் தனியே பார்த்துச் சொல்லுங்கள். மாணவியை முன்னால் நிறுத்திக்கொண்டு பேச வேண்டாம்.