இஸ்ரவேலர் எப்போது ஒரு தேசமானார்கள்?

கானானுக்குள் நுழைந்தபோதா, சவுல் ராஜாவானபோதா, அவர்கள் எல்லாருமே ஆபிரகாமின் வம்சம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் பதில், சீனாய் மலையடிவாரத்தில். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு முழம் நிலம்கூடக் கிடையாது.

அதற்கு முந்தின புத்தகமான ஆதியாகமம் முடியும்போது இஸ்ரவேல் என்பது ஒரு குடும்பத்தின் பெயர்தான். பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டார் 70 பேர். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் இஸ்ரவேல் புத்திரரை ஒரு ஜனம் என்று முதலில் சொல்பவன் யார் தெரியுமா? பார்வோன். இவர்கள் நம்மைவிட ஏராளமாகப் பெருகிவிட்டார்கள் என்று பயந்து சொல்கிறான். இந்த இடத்தை நான் ஒருபோதும் வேகமாகக் கடப்பதில்லை. அவர்களைச் செங்கல் அறுக்க வைத்தவனின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் முதலில் வருகிறது.

எகிப்தில் இருந்த ராமசேசை விட்டுப் புறப்பட்டபோது ஆண்கள் மட்டும் ஏறக்குறைய 6,00,000 பேர் என்கிறது வேதம். அந்த எண்ணிக்கையைப் பற்றி அறிஞர்கள் நிறைய வாதிட்டிருக்கிறார்கள். எனக்கு அடுத்த வசனம்தான் பெரிது: பல ஜாதியான ஜனங்கள் அநேகரும் அவர்களோடு கிளம்பிப் போனார்கள். ஆக, எகிப்தை விட்டு வெளியேறிய அன்றே அது கலந்த கூட்டம்.

அந்தக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டியது சீனாயில் தேவனோடு செய்த உடன்படிக்கை. யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மோசே மலையடியில் ஒரு பலிபீடம் கட்டுகிறார். கோத்திரத்துக்கு ஒன்றாக 12 தூண்களை நிறுத்துகிறார். காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பாத்திரங்களில் எடுத்து வைத்துவிட்டு, மறுபாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார். பிறகு உடன்படிக்கையின் புத்தகத்தை எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கிறார். செய்வோம், கீழ்ப்படிவோம் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் பாத்திரத்தில் இருந்த இரத்தம் அவர்கள்மேல் தெளிக்கப்படுகிறது. சம்மதம் கேட்காமல் அது தெளிக்கப்படவில்லை. சில வாரங்களிலேயே பொன் கன்றுக்குட்டியைச் செய்து அந்த வாக்கை முறித்தார்கள் என்பதையும் வேதம் மறைக்கவில்லை.

நிலம் யோசுவாவின் காலத்தில் வந்தது. ராஜா அதற்கும் வெகுகாலம் கழித்து, மற்ற ஜாதிகளைப் போல எங்களுக்கும் ஒருவன் வேண்டும் என்று மூப்பர்கள் சாமுவேலிடம் கேட்ட பிறகு வந்தான்.

வேதத்துக்கு வெளியிலும் ஒரு தடயம் உண்டு. 1896இல் எகிப்தின் தீப்ஸில் கிடைத்த மெர்நெப்தா மன்னனின் கல்வெட்டு ஏறக்குறைய கி.மு. 1208ஐச் சேர்ந்தது. அதில் அஸ்கலோன், கேசேர் போன்ற பெயர்களோடு நாட்டைக் குறிக்கும் குறி இருக்கிறது. இஸ்ரவேல் என்ற பெயரோடு இருப்பதோ மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் குறி.

வம்சம் பற்றிய உங்கள் கேள்விக்கு ரூத்தைக் காட்டுவேன். மோவாபியப் பெண். கணவனை இழந்தவள், மாமியார் நகோமியிடம், "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்றாள். ஜனத்தை முதலில் சொல்லி, தேவனைப் பிறகு சொன்னாள். பெத்லகேமில் அவளுக்குப் பிறந்த மகன் ஓபேத். ஓபேத்தின் பேரன்தான் தாவீது ராஜா.