குவேக் 3 அரீனாவில் கான்ஃபிக் கோப்பை எப்படி எழுதுவது? மாற்றியவை ஏன் தங்குவதில்லை?

நீங்கள் கேட்டதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் புரியட்டும். பழைய துப்பாக்கிச் சண்டை ஆட்டமான குவேக் 3-ஐ மறுபடி நிறுவியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைத்த ஒரு கைதேர்ந்த ஆட்டக்காரரின் கான்ஃபிக்கை (விசை, மவுஸ், திரை அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பு) அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். மவுஸ் கைக்கு அடங்கவில்லை. திருத்திய வரிகளும் ஆட்டத்தை மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகின்றன.

இருபது வருஷமாக இந்த ஆட்டத்தை விட்டு விலகாமல் இருப்பவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெயர் சந்தேகமாக இருந்தால் கன்சோலை (ஆட்டத்துக்குள் கட்டளை அடிக்கும் பெட்டி) திறந்து முதல் சில எழுத்துகளை அடித்து டேப் தட்டுங்கள், மீதி தானே வரும். பெயரை மட்டும் அடித்து என்டர் தட்டினால் இப்போதைய மதிப்பும் இயல்பு மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

முதலில் வரிகள் ஏன் காணாமல் போகின்றன என்பது. பேஸ்க்யூ3 ஃபோல்டரில் இருக்கும் க்யூ3கான்ஃபிக்.சிஎஃப்ஜி உங்கள் கோப்பே இல்லை, அது ஆட்டத்தின் கோப்பு. அதன் முதல் வரியே 'குவேக் உருவாக்கியது, மாற்றாதீர்கள்' என்றுதான் இருக்கும். ஆட்டம் தன் நினைவில் இருப்பதை அவ்வப்போது அதன்மேல் எழுதிவிடும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது நோட்பேடில் திறந்து திருத்தினால் அந்தத் திருத்தம் ஆட்டம் அடுத்த தடவை எழுதும்போது அழிந்துவிடும். நீங்கள் எழுத வேண்டியது அதே ஃபோல்டரில் ஆட்டோஎக்ஸெக்.சிஎஃப்ஜி என்று ஒரு தனிக் கோப்பு. ஆட்டம் தொடங்கும்போது டிஃபால்ட்.சிஎஃப்ஜி, அடுத்து க்யூ3கான்ஃபிக், கடைசியாக ஆட்டோஎக்ஸெக் என்று படிக்கும். கடைசியாகப் படிப்பதுதான் நிற்கும். ஆட்டம் இதில் கை வைக்காது. பலர் இப்போது ஆடும் ஐயோகுவேக்3-லும் (அதே ஆட்டத்தின் புதுப்பித்த வடிவம்) இதே வரிசைதான். ஆனால் விண்டோஸில் அது தன் கோப்புகளை ஆப்டேட்டா ரோமிங்குக்குள் குவேக்3 என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். பலர் தவறான இடத்தில் தேடுவது இதனால்தான்.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் நிறையப் பேரை அலைக்கழிப்பது. நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் வால் (பெயரில் புள்ளிக்குப் பிறகு வருவது) டிஎக்ஸ்டி என்று ஆகியிருக்கும். விண்டோஸ் வாலை மறைத்துக் காட்டுவதால் பெயர் சரியாக இருப்பதுபோலத் தெரியும். 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

அடுத்தவர் கான்ஃபிக்கை முழுசாக எடுத்துப் போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004-இல் கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவரின் கோப்பை சிடியில் வாங்கி வந்து அப்படியே ஒட்டினேன். ஆட்டம் தானாக எழுதும் கோப்பில் 'அன்பைண்ட்ஆல்' என்று ஒரு வரி மேலேயே இருக்கும். எல்லா விசைகளையும் கழற்றிவிட்டுப் பிறகு அவருடைய விசைகளைப் பூட்டும். அவர் இடதுகைக்காரர். அம்புக்குறி விசைகளில் நடப்பார். அதைவிட மோசம், அவர் மானிட்டர் தாங்கிய ரெசல்யூஷன் என் பழைய சிஆர்டி மானிட்டருக்கு ஆகவில்லை. திரை கறுத்துப்போய், வெறும் எச்சரிக்கைப் பெட்டி மட்டும் மிதந்தது. அன்று க்யூ3கான்ஃபிக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன் (அழித்தால் பயமில்லை, ஆட்டம் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும், சிடி கீ தனிக் கோப்பில் இருக்கிறது).

ஆனால் அதே சீனியரிடமிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டேன். க்யூ3டிஎம்13 மேப்பில் (ஆட்டக் களம்) மெகா ஹெல்த் என்ற, உயிரைக் கூட்டும் பொருளை எடுக்க ஒரு தாவல் உண்டு. அவர் தாவினால் விளிம்பில் கால் பதியும். அதே இடத்தில் நின்று, அதே விசையைத் தட்டினால் எனக்கு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இடித்து விழும். ராத்திரி முழுக்க முயன்றேன். கடைசியில் அவர் வந்து பார்த்துவிட்டு, "டேய், உன் மெஷின்ல எத்தனை பிரேம் ஓடுது?" என்று கேட்டார். நொடிக்கு எத்தனை பிரேம் (ஆட்டம் வரையும் படம்) என்று வரம்பு வைக்கும் காம்_மேக்ஸ்எஃப்பிஎஸ் என்ற வரியில் 85-ஐ அழித்து 125 என்று அடித்தார். அடுத்த தாவலிலேயே கால் பதிந்தது.

அதன் கணக்கு இது. ஒவ்வொரு பிரேமின் முடிவிலும் உங்கள் வேகத்தை ஆட்டம் முழு எண்ணாக்கிவிடும். ஈர்ப்பு நொடிக்கு 800. பிரேம் 8 மில்லிநொடி என்றால் மேல்நோக்கிய வேகத்தில் 6.4 குறைய வேண்டும். முழு எண்ணாகும்போது 6 மட்டுமே குறைகிறது. ஆக உங்களுக்கு ஈர்ப்பு 750 மாதிரி. பிரேம் 11 மில்லிநொடி என்றால் 8.8 குறைய வேண்டிய இடத்தில் 9 குறைகிறது; ஈர்ப்பு 818 மாதிரி ஆகிவிடுகிறது. தாவும் வேகம் இரண்டிலும் 270-தான். உயரத்தில் ஏறக்குறைய 4 யூனிட் (ஆட்டத்தின் நீள அளவு) வித்தியாசம் வரும். அந்த 4 யூனிட்தான் விளிம்பு.

இயல்பாக வரும் 85 என்ற எண்ணே உண்மையில் 85 இல்லை. ஆட்டம் 1000-ஐ அந்த எண்ணால் வகுத்து, பின்னத்தை வெட்டிவிட்டு மில்லிநொடியாக வைத்துக்கொள்ளும். 85 என்றால் 11 மில்லிநொடி, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 91 பிரேம். 112-இலிருந்து 125 வரை என்ன எழுதினாலும் 8 மில்லிநொடிதான், ஒரே பலன். உங்கள் கணினி அந்த 125-ஐ எந்த இடத்திலும் விடாமல் பிடித்து ஓட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சிஜி_டிராஎஃப்பிஎஸ் 1 என்று வைத்து, சண்டை நடக்கும்போது எண் இறங்குகிறதா என்று பாருங்கள். சர்வர் நடத்துபவர் பிமூவ்_ஃபிக்ஸ்ட் 1 என்று வைத்திருந்தால் அங்கே எல்லாருடைய அசைவும் ஒரே நேர இடைவெளியில்தான் கணக்காகும், இயல்பாக 8 மில்லிநொடி. பிரேமால் யாருக்கும் அனுகூலம் இல்லை. அதுதான் நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து. மெஷின் வாங்கக் காசில்லாதவன் தாவ முடியாமல் போகக்கூடாது.

பிரேம் எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சிஎல்_மேக்ஸ்பேக்கெட்ஸ். நீங்கள் செய்வதை நொடிக்கு எத்தனை தடவை சர்வருக்கு அனுப்பலாம் என்ற உச்சவரம்பு அது, இயல்பு 30. ஆனால் பேக்கெட் (அப்படி அனுப்பும் தகவல் பொட்டலம்) பிரேமின் முடிவில்தான் கிளம்பும். 30 என்றால் 33 மில்லிநொடி இடைவெளி; 8, 16, 24, 32 என்று வந்து, 32 போதாமல் 40-இல்தான் கிளம்புகிறது. நொடிக்கு 25 மட்டுமே. 100 என்று எழுதினாலும் 8 போதாது, 16-இல் கிளம்பும், நொடிக்கு 62.5. அதனால் பழைய குவேக்கில் 125 பிரேமில் 63 எழுதுவதும் 100 எழுதுவதும் ஒன்றே. ரேட் என்ற வரி இயல்பாக 3000, டயல்-அப் மோடம் காலத்தது, 25000 ஆக்கிவிடுங்கள். சிஎல்_டைம்நட்ஜ் 0-விலேயே இருக்கட்டும்.

மவுஸுக்கு வருவோம், உங்கள் நிஜமான தொந்தரவு இங்கேதான். சென்சிடிவிட்டி 5, எம்_யா 0.022 என்றால் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 0.11 டிகிரி திரும்புகிறீர்கள். முழுச் சுற்றுக்கு 3273 எண்ணிக்கை வேண்டும். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 எண்ணிக்கை) மவுஸில் அது ஏறக்குறைய 21 செ.மீ. இன்றைய மவுஸில் 1600 டிபிஐ வைத்திருந்தால் அதே சுற்று 5 செ.மீ. சொச்சத்திலேயே முடிந்துவிடும். நீங்கள் எடுத்த கோப்பு 400 டிபிஐ மவுஸில் ஆடியவருடையது என்றால், நீங்கள் லேசாகத் தொட்டாலே பம்பரமாகச் சுற்றுவீர்கள். அவர் சென்சிடிவிட்டியைப் பார்க்காதீர்கள். மேஜையில் ஒரு ஸ்கேலை வைத்து, முழுச் சுற்றுக்கு உங்கள் கைக்கு எத்தனை செ.மீ. வசதி என்று அளந்து, அதிலிருந்து எண்ணைக் கண்டுபிடியுங்கள். எனக்கு 30 செ.மீ. பிடித்திருக்கிறது. சிஎல்_மவுஸ்ஆக்ஸல் (வேகமாக இழுத்தால் கூடுதலாகத் திருப்புவது) 0, எம்_ஃபில்டர் 0. இந்த ஃபில்டர் முந்தைய பிரேமின் அசைவையும் இப்போதையதையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. கை நின்ற பிறகும் பார்வை ஒரு பிரேம் இழுபடும்.

அகலத் திரைக்கு ஆர்_மோட் -1 வைத்து, ஆர்_கஸ்டம்விட்த், ஆர்_கஸ்டம்ஹைட் இரண்டிலும் உங்கள் திரையின் எண்களை எழுதுங்கள். ஆர் என்று தொடங்கும் வரிகளில் பல, திரையை மறுபடி தொடங்க வைக்கும் விட்_ரீஸ்டார்ட் கட்டளையைக் கொடுத்தால்தான் அமலுக்கு வரும். சிஜி_எஃப்ஓவி 90 என்பது பழைய 4:3 திரைக்கான கிடைமட்டக் கோணம். 16:9 திரையில் அதே 90-ஐ விட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். 106 வைத்தால் பழைய உயரம் திரும்ப வரும். 4:3-இல் 100 பழகியவர்களுக்கு 116.

ஆர்_பிக்மிப் 5 என்று பலர் கோப்பில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படியும் டெக்ஸ்சரைப் பாதியாக்கும். 256 புள்ளி அகலமான சுவர்ப் படம் 8 புள்ளியாகிவிடும். சுவர் வெறும் வண்ணப் பூச்சாகத் தெரிவதால் எதிராளி பளிச்சென்று தனியாகத் தெரிவார். போட்டிக்கு ஆடுபவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கல்லையும் இரும்பையும் அவ்வளவு அக்கறையாக வரைந்திருக்கிறார்கள், எனக்கு 0-தான்.

ஆயுதங்களைச் சக்கரத்தில் உருட்டி எடுக்காதீர்கள். நேராக விசையில் பூட்டுங்கள். 5 ராக்கெட், 6 லைட்னிங், 7 ரெயில்கன். 'பைண்ட் இ' என்று எழுதி மேற்கோளுக்குள் 'வெப்பன் 7' என்றால் போதும். இந்த மூன்றும் நடக்கும் விரல்களை எடுக்காமலே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, திருத்தியவை காணாமல் போக இன்னொரு வழி. மாட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் தொகுப்பு) ஓடும் சர்வருக்குள் போகும்போது ஃபோல்டர் மாறுகிறது. ஆட்டம் க்யூ3கான்ஃபிக்கை மட்டும் மறுபடி படிக்கிறது, ஆட்டோஎக்ஸெக்கைப் படிப்பதில்லை. ஒவ்வொரு மாடும் தன் ஃபோல்டரில் தனியாக ஒரு க்யூ3கான்ஃபிக் எழுதிவைத்துக்கொள்வதால், ஒரு மாடில் சரியாக இருந்தது இன்னொன்றில் தப்பாக இருக்கும். அதற்காக எஃப்10 விசையில் 'எக்ஸெக் ஆட்டோஎக்ஸெக்.சிஎஃப்ஜி' என்று பூட்டி வைத்திருக்கிறேன். அந்த பைண்ட் வரியை ஒவ்வொரு மாடின் கன்சோலிலும் ஒருமுறை அடித்துவிடுங்கள், அந்த மாடின் கோப்பிலேயே பதிந்துவிடும். பிறகு சர்வருக்குள் நுழைந்ததும் எஃப்10-ஐ ஒரு தட்டு. ஆர் வரிகள் இருந்தால் கூடவே விட்_ரீஸ்டார்ட்.

உங்கள் மவுஸின் டிபிஐயையும் திரையின் அளவையும் கீழே எழுதுங்கள், சென்சிடிவிட்டியைச் சேர்ந்தே கணக்குப் போடலாம்.