அறக்கட்டளைப் பொறுப்பிலிருந்து விலகுதல் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தென்காசி பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையின் நிர்வாக அறங்காவலராக இருக்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம், ஒரு மாலை நேர டியூஷன் மையம் நடத்துகிறோம். எனக்கு 68 வயது. வரும் மார்ச்சோடு விலகலாம் என்றிருக்கிறேன். அறங்காவலர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் படுத்த படுக்கை, இன்னொருவர் என் அண்ணன் மகன். ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறான் அவன். ஊரில் பாராட்டு விழா வைக்க வேண்டும், கௌரவத் தலைவராக நீடிக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் ஆலோசனை வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

கடிதம் மட்டும் போதாது. முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். அறங்காவலர் எப்படி விலகலாம், புதியவரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு, குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்க வேண்டும். பல பத்திரங்களில் நிறுவியவரே ஆயுட்கால அறங்காவலர், வாரிசை நியமிக்கும் உரிமையும் அவருக்கு மட்டுமே என்று இருக்கும். அவர் நியமிக்காமல் கண்ணை மூடிவிட்டால் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள இரண்டு பேராவது நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போட வேண்டிவரும். வாரிசை நியமிக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் இப்போதே பயன்படுத்துங்கள்.

புதியவர்கள் உள்ளே வந்த பிறகுதான் நீங்கள் வெளியே போக வேண்டும். பத்திரம் மூன்று பேர் என்று சொல்லி, நீங்கள் போனதும் இரண்டாகிவிட்டால், அதற்குப் பின் போடும் தீர்மானங்களை யாரும் கேள்வி கேட்கலாம். அண்ணன் மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், ஆனால் ஒரே குடும்பம் என்றால் நன்கொடையாளர்கள் தயங்குவார்கள். உங்களிடம் உதவி பெற்றுப் படித்து இன்று வேலையில் இருக்கும் ஒருவரை அறங்காவலராக்குங்கள். கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு மார்ச் 31இல் முடிந்தாலும் அந்த ஆண்டின் வேலை முடிவதில்லை. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி நன்கொடைகளின் விவர அறிக்கை மே 31க்குள் போக வேண்டும், தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31. ஏப்ரலில் புதியவரைக் கொண்டுவந்து இந்த மூன்றையும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். நவம்பரில் விலகுங்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை மார்ச்சுக்குள் செலவிட வேண்டும் என்ற விதிக்குத் திட்டமிட அவருக்கு நான்கு மாதம் கிடைக்கும்.

வழக்கமாகச் சிக்கல் வரும் இடம் கைபேசி எண். வருமான வரித் தளம், வங்கி, பிஎஃப், தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் அரசுத் தளமான தர்பன் என எல்லாவற்றிலும் உங்கள் எண்தான் இருக்கும், ஓடிபி உங்களுக்குத்தான் வரும். அறக்கட்டளைக்கென்று தனி மின்னஞ்சலும் எண்ணும் ஏற்படுத்தி, நீங்கள் பொறுப்பில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக நுழைந்து மாற்றுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் பின் எண்ணையும் அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் தனிப்பட்ட கையெழுத்து, புதியவர் தன்னுடையதை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக்குத் தீர்மான நகல், பத்திர நகல், புதியவர்களின் பான், ஆதார், மாதிரிக் கையொப்பம் எல்லாம் தேவை. மாற்றம் முடியச் சில வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் உங்கள் கையெழுத்தில் கல்லூரிக்குப் போன காசோலை திரும்பினால் பிள்ளைதான் தேர்வுக்கூடத்துக்கு வெளியே நிற்கும். கட்டணங்களைக் கட்டி முடித்த பிறகே வங்கிப் பக்கம் போங்கள்.

டியூஷன் மையத்தின் இடம், மின் இணைப்பு, வாடகை முன்பணம், வண்டியின் ஆர்சி இவற்றில் ஏதாவது உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறதா? அறக்கட்டளைப் பணத்தில் வாங்கிய இடம் தனி ஆள் பெயரில் இருந்தால், அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் பங்கு கேட்பார்கள். நீங்கள் இருக்கும்போதே பத்திரம் போட்டு மாற்றிப் பட்டாவையும் மாற்றுங்கள்.

எந்தக் கோப்பிலும் இல்லாமல் உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பவைதான் எனக்கு அதிகக் கவலை. நீங்கள் வாய்மொழியாகக் கொடுத்த வாக்குகளைச் சொல்கிறேன். நர்சிங் சேர்ந்த ஒரு பெண்ணின் அப்பாவிடம் “நாலு வருஷமும் நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லியிருப்பீர்கள். புதியவர் வந்து ஆண்டுதோறும் பரிசீலிப்போம் என்பார். அவர் மேலும் தவறில்லை, அவருக்குத் தெரியாது. ஒரு நோட்டில் பிள்ளையின் பெயர், படிப்பு, இன்னும் எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு, பெற்றோரிடம் சொன்ன வார்த்தை என்ன என்று எழுதுங்கள். ஆண்டுக்கு 40,000 ரூபாய், மூன்று ஆண்டு பாக்கி என்றால் 1,20,000. இப்படிக் கூட்டி வரும் மொத்தத் தொகையை நிரந்தர வைப்பில் போட்டுத் தீர்மானத்திலும் ஏற்றிவிட்டு விலகுங்கள்.

நன்கொடையாளர் பதிவேட்டிலும் ஒரு குறிப்பு வேண்டும். சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் உறவினர் இந்தியக் குடியுரிமையோடு தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. யார் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டார் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? பெரிய நன்கொடையாளர்களின் வீட்டுக்கு அவரையும் அழைத்துப் போங்கள், அவரே பேசட்டும். உங்கள் முகத்துக்காகக் கொடுத்தவர்களில் சிலர் நிறுத்துவார்கள். அதனால் முதல் ஆண்டில் புதிய மாணவர்களைக் குறைவாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

விழா வையுங்கள், நியாயமான ஆசைதான். ஆனால் பொன்னாடையோ மோதிரமோ அறக்கட்டளைக் கணக்கில் வரக்கூடாது. அறங்காவலருக்குப் பலன் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. ஊரார் தனியாக வசூலித்துச் செய்யட்டும்.

கௌரவத் தலைவர் பதவி வேண்டாம். லெட்டர்பேடில் உங்கள் பெயர் இருக்கும்வரை மனுக்கள் உங்கள் வாசலுக்குத்தான் வரும், நீங்களும் மனம் பொறுக்காமல் புதியவருக்கு போன் போடுவீர்கள். வருகிறவர்களை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அவராகக் கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள்.

கடைசிக் கூட்டத்தில் ராஜினாமாவை ஏற்றதோடு, அன்றைய தேதி வரையிலான கணக்கையும் ஏற்றதாகத் தீர்மானம் எழுத வேண்டும். ரசீதுப் புத்தகம், காசோலைப் புத்தகம், வைப்புச் சான்று, மூலப் பத்திரம், மினிட் புத்தகம் ஆகியவற்றின் பட்டியலில் நீங்களும் புதியவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலத்துச் செலவு பற்றிப் பின்னாளில் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல அது வேண்டும்.

அன்புடன்