கொட்டேஷனில் இல்லாத மூன்று மாதம்

கேள்வி: எனக்கு வயது 54. கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. எட்டு மாதமாக இடது காலில் சுண்டி இழுக்கும் வலி. ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்பையும் இணைக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாக வெளிநாட்டில் முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். ஐந்து இரவு தங்கல், விமான நிலையத்துக்கு வண்டி எல்லாம் அடக்கம். இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். சரக்கைத் தள்ளிவிட நினைப்பவர் கெடு வைப்பார், சரி; முதுகெலும்பு ஆபரேஷனுக்கு எதற்குக் கெடு? எட்டு மாதம் பொறுத்துவிட்டீர்கள், இன்னும் இரண்டு மூன்று வாரம் விசாரிக்கலாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ மட்டும் கதை வேறு. அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஏஜென்டும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

விலையை ஒப்பிடுவதற்கு முன், இரண்டு பக்கமும் விற்பது ஒரே பொருள்தானா என்று பாருங்கள். பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது மைக்ரோடிஸ்கெக்டமி. நரம்புக்கு இடம் விட எலும்பைச் செதுக்கி எடுப்பது லேமினெக்டமி. இரண்டு எலும்புக்கும் நடுவில் கேஜ் என்ற சின்னக் கூடு வைத்து, ஸ்க்ரூவும் கம்பியும் பூட்டி இணைப்பது ஃப்யூஷன். செலவும் ஆபத்தும் மூன்றுக்கும் வேறு வேறு. எலும்பு நழுவல் இல்லாமல் டிஸ்க் மட்டும் அழுத்துகிறது என்றால் பலருக்கு ஃப்யூஷனே தேவைப்படாது. உங்களுக்கு ஏன் தேவை என்பதை, அந்த ஆபரேஷனால் வருமானம் வராத இன்னொரு சர்ஜனிடம் கேளுங்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படங்களே டைகாம் என்ற ஸ்கேன் படக் கோப்பாக சிடியிலோ லிங்க்கிலோ போக வேண்டும். படத்தைப் பார்க்காமல், ரிப்போர்ட்டின் கடைசி மூன்று வரியை வைத்துக்கொண்டு விலை சொல்பவர் வைத்தியம் சொல்லவில்லை, வியாபாரம் பேசுகிறார்.

அடுத்து கொட்டேஷன். இப்படிப்பட்ட தாள்களில் பெரிய எழுத்தில் இருப்பது மொத்தத் தொகை. அடியில் பொடி எழுத்தில் 'ஒரு லெவல் வரை', அதாவது ஒரு ஜோடி எலும்பு இணைப்பு வரை, என்று இருக்கும். உள்ளே திறந்த பிறகு இரண்டாவது லெவலும் வேண்டும் என்றால், அந்த ஸ்க்ரூக்களுக்குத் தனி பில். 'இம்ப்ளான்ட் உட்பட' என்று இருந்தால் எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்க்ரூ என்று எழுதி வாங்குங்கள். ஐசியூவில் ஒரு நாள் கூடினால் எவ்வளவு, ரத்தம் ஏற்றினால் எவ்வளவு, நேரில் பரிசோதித்துவிட்டு 'ஆபரேஷன் வேண்டாம்' என்று அந்த சர்ஜனே சொல்லிவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லும் இடத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வரும். பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள், மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். அவருக்குக் கமிஷன் உண்டு. அது தப்பில்லை, யார் தருகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் சர்வதேச அமைப்பான ஜேசிஐயின் முத்திரை இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். 1994இல் தொடங்கிய அந்த அமைப்பின் இணையதளத்தில் மருத்துவமனையின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பிரசுரத்தில் அச்சடித்த முத்திரையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அது மருத்துவமனைக்குக் கொடுப்பது, சர்ஜனுக்கு அல்ல. இதே ஆபரேஷனை அவர் வருஷத்துக்கு எத்தனை செய்கிறார், கத்தியைப் பிடிக்கப்போவது அவரா, உதவியாளரா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்த 'ஐந்து இரவு'. காயத்தில் சீழ் பிடித்தால் அது ஆறாம் நாளும் தெரியலாம், ஆறாம் வாரமும் தெரியலாம். ஃப்யூஷன் செய்தவர்களுக்கு ஆழத்தில் வரும் தொற்றை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 90 நாள் வரை கண்காணித்துக் கணக்கெடுக்கிறது. உங்கள் பேக்கேஜோ ஐந்தாம் நாளோடு கை கழுவுகிறது. விமானமும் லேசுப்பட்டது இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. ஆபரேஷனும் அதே ஆபத்தைக் கூட்டுவது. தண்டுவட உறையில் கிழிசல் விழுந்திருந்தால், நிமிர்ந்து உட்கார்ந்ததும் தலை பிளக்கும். அந்த நிலையில் விமானம் ஏறவே கூடாது. எனவே திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி எடுங்கள், கூட வருபவருக்கும் சேர்த்து. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கேதான். கூடுதல் தங்கல், டிக்கெட், துணைக்கு வருபவரின் சம்பள இழப்பு எல்லாம் போட்டுக் கூட்டினால் 'பாதி விலை' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்போதும் லாபமாகவே இருக்கலாம், அப்படி லாபம் பார்த்தவர்களும் உண்டு.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. திரும்பி வந்ததும் தையல் பிரித்து, எக்ஸ்ரே பார்த்து, சீழ் என்றால் சேர்த்துக்கொள்ள உங்கள் ஊரில் ஒரு சர்ஜன் சம்மதிக்க வேண்டும். வேறொருவர் செய்த கேஸைத் தொடப் பலர் தயங்குவார்கள். யாரும் சம்மதிக்கவில்லை என்றால், என் பதில் 'போகாதீர்கள்'.

கேள்வி: நான் இதே ஆபரேஷனுக்கு வெளிநாடு போய்வந்து ஆறு வாரம். கையில் இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். இங்குள்ள டாக்டர் "எந்தக் கம்பெனி ஸ்க்ரூ?" என்கிறார். எதற்கு அது?

பதில்: ஒவ்வொரு கம்பெனியின் ஸ்க்ரூவுக்கும் அதற்குரிய திருப்புளி வேண்டும். நாளைக்குக் கழற்ற வேண்டி வந்து, கம்பெனி தெரியாவிட்டால், பொருந்தும் கருவிப்பெட்டியைத் தேடி அலைய வேண்டும். ஸ்க்ரூ, கேஜ் வந்த பாக்கெட்டின் மேல் லாட் எண்ணோடு (எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதைக் காட்டும் எண்) சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். அவற்றை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தின் நகல், ஆபரேஷன் நோட்ஸ், பிறகு எடுத்த எக்ஸ்ரே மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், இப்போதே. மறு எம்ஆர்ஐ எடுப்பவர்களும் உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்தால் சிக்கலுக்குப் பணம் வருமா?

பதில்: சாதாரணப் பயணக் காப்பீட்டில் பொதுவாக வராது. சிகிச்சைக்கென்றே போகும் பயணத்தையும், அதனால் வரும் சிக்கலையும் விலக்குப் பட்டியலில் வைத்திருப்பார்கள். மருத்துவப் பயணத்துக்கென்று தனி பாலிசி விற்கிறார்கள். அதில் மறு ஆபரேஷனும், ஊர் திரும்பிய பிறகு வரும் செலவும் சேருமா என்று மட்டும் தேடிப் படியுங்கள். விண்ணப்பத்திலும் விசாவிலும் 'சுற்றுலா' என்று போட்டுவிடலாம் என்பார்கள். போட்டால், பணம் கேட்டு நீங்கள் எழுதும் முதல் கடிதத்துக்கே அந்த ஒரு சொல்லைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.